ரெக்சின் உறையில் ஐந்து தையல்

அண்ணி,

நேற்று மாலை கேம்ப் ரோட்டில் பேருந்துக்காக நின்றிருந்தபோது அந்த வாசனை வந்தது. புதிதாகத் திறந்திருக்கும் கடை ஒன்றின் வாசலில், ஒரு காரின் நான்கு கதவுகளையும் திறந்துபோட்டு சீட் உறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சூடேறிய புது ரெக்சின் வாசனை. பேருந்து வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. நான் ஏறவில்லை.

நீங்கள் கண்மூடி நாற்பது நாளாகிறது. இத்தனை நாளும் வராத அழுகை அங்கே வந்தது. நமக்கு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பத்தெட்டாம் வருடக் கோடை அது. அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. வண்டலூரில் மனை பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டில் காரை ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே போய்விட்டார். யாருக்கும் இடைஞ்சல் வைக்காமல் போனார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் மட்டும், "எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றீர்கள்.

நீங்கள் தனியாக இருக்க வேண்டாமென்று நான் சேலையூர் வீட்டுக்குப் பெட்டியோடு வந்துவிட்டேன். காலையில் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் நான் குரோம்பேட்டையில் டைப் அடிக்கவும் கிளம்பிப் போவோம். கார் ஷெட்டில் கிடந்தது. ஓட்டுநர் சீட்டில் அண்ணன் உட்கார்ந்த இடம் குழிந்தே இருந்தது. தினமும் காலையில் நீங்கள் போய் அதைத் தட்டி நிமிர்த்திவிட்டு வருவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மாலையில் நான் திரும்பும்போது மறுபடி குழிந்திருக்கும்.

"ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு, அவ்வளவுதான்" என்பீர்கள். நான் கேட்காமலே சொல்வீர்கள்.

எனக்குப் பயம். ஷெட்டைத் தாண்டித்தான் துணி காயப்போட வேண்டும். கார் பக்கம் பார்க்காமலே நடக்கப் பழகியிருந்தேன். "வித்துடலாம் அண்ணி, எதுக்கு அது?" என்று நச்சரித்தது நான்தான். பல்லாவரத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். அவருக்கு எஞ்சின் பிடித்திருந்தது. சீட் உறை கிழிந்திருக்கிறது, மாற்றி வையுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அதற்காக ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். தடிமனான ஆள், சிரித்த முகம். கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தவர், உட்கார்ந்த வேகத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றீர்கள்.

"ஒண்ணுமில்ல டீச்சர்." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். "சீட்டுல உக்காந்த மாதிரி இல்ல. யாரோ மடியில உக்காந்த மாதிரி கீது. நீங்க வேற ஆளப் பாருங்க."

அவர் போன பிறகு நீங்கள் பயந்ததாகத் தெரியவில்லை. வீட்டு மனுஷனை வெளியாள் ஏதோ சொல்லிவிட்டது போல முகம் சிவந்திருந்தது. "ஒருத்தரும் வேணாம். நாமளே மாத்தலாம். தலையணை உறை தைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது தெரியாதா?"

தாம்பரம் மார்க்கெட்டில் பழுப்பு நிற ரெக்சின் வாங்கினோம். சீட்டைக் கழற்றி வெளியே வைத்துச் செய்யலாம் என்று பார்த்தால் போல்ட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை. அதனால் காருக்குள் இருந்தபடியே செய்தோம். பழைய உறையின் தையலை பிளேடால் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளின் மேல் வைத்து வரைந்து, அதன்படி ரெக்சினை வெட்டினீர்கள். கனத்த ஊசி போட்டு மிஷினில் ஓட்டினீர்கள். தைத்ததை மொட்டைமாடியில் வெயிலில் போட்டோம். சூடு இருக்கும்போதுதான் ரெக்சின் இழுத்த இழுப்புக்கு வரும் என்று முதல் சீட்டிலேயே கற்றுக்கொண்டோம்.

பின் சீட்டும் இடது பக்கச் சீட்டும் இரண்டு நாளில் முடிந்தன. மூன்றாம் நாள் மதியம் ஓட்டுநர் சீட்டைத் தொட்டோம். உறையை உரித்ததும் உள்ளே தேங்காய் நார் மட்கி மாவாக இருந்தது. அள்ளிக் கொட்டிவிட்டு, புது நார் வாங்கி அடைத்தோம். சீட்டுக்கடியில் அண்ணனின் சீப்பு கிடந்தது, பல்லிடுக்கில் இரண்டு முடியோடு. நீங்கள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

சாய்மானத்தின் நடுவில் உறை உப்பாமல் இருக்க, முன்னாலிருந்து பின்பக்கம்வரை ஊடுருவித் தைக்க வேண்டும். ஒரு முழ நீள ஊசி, சணல் நூல். நீங்கள் முன்னால் இருந்து ஊசியைக் குத்த வேண்டும். நான் பின்னால் கார்த் தரையில் குந்தியபடி அதை வாங்கி, நூலை இழுத்து, விரற்கடை தள்ளித் திருப்பிக் குத்த வேண்டும். இடையில் சாய்மானம். எனக்கு உங்கள் முகம் தெரியாது, உங்களுக்கு என் கை தெரியாது. குத்திவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும், "வருது" என்று குரல் கொடுத்தீர்கள். நானும், "வருது" என்றேன்.

நடுவில் விமானம் ஒன்று தாழப் பறந்தது. ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது. அதற்குப் பிறகு நீங்கள் குரல் கொடுக்கவில்லை. களைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஊசி வந்தது. வாங்கித் திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது. இழுப்புதான் மாறியிருந்தது. விரலில் சுற்றிய நூல் தோலை அறுக்கிற மாதிரி ஒரு சுண்டு.

"மெதுவா அண்ணி" என்றேன்.

அடுத்த முறை மெதுவாக இழுபட்டது.

அப்படி ஐந்து தையல். ஆறாவதுக்கு ஊசியை உள்ளே செலுத்திவிட்டுக் காத்திருந்தேன். அது அப்படியே நின்றது. "ம், இழுங்க" என்றேன். அப்போது வீட்டுக்குள்ளிருந்து, சமையலறையிலிருந்து, உங்கள் குரல் கேட்டது. "பால் பொங்கிடுச்சு, இதோ வரேன்."

நான் எழுந்து பார்த்தேன். முன்னால் யாருமில்லை. ஊசியின் முனை மட்டும் ரெக்சினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கிணற்றடியில் நின்றிருந்தேன். நீங்கள் ஈரக் கையோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். நடந்ததைச் சொன்னேன். மறுப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் ஷெட்டுக்குப் போய் அந்த ஐந்து தையலையும் தடவிப் பார்த்தீர்கள். உங்கள் தையலைவிட அவை ஆழமாக இறங்கியிருந்தன. மீதியைத் தனியாக, இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய், நீங்களே முடித்தீர்கள்.

மறுநாள் பல்லாவரத்துக்காரரிடம், "விக்கல, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். அந்தச் சீட் அதற்குப் பிறகு ஒருநாளும் குழியவில்லை. புது நார் அடைத்ததால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம், நாற்பத்திரண்டு வயதில், நீங்கள் கார் ஓட்டக் கற்றீர்கள். டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை என்று தெரு பேசியது. எனக்குக் கல்யாணமாகி மேடவாக்கத்துக்குப் போன பிறகும் ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆராதனை முடிந்து அந்தக் காரில்தான் என்னைக் கொண்டுவந்து விடுவீர்கள். நான் எப்போதும் பின் சீட்டில் உட்காருவேன். நீங்கள் ஏனென்று கேட்டதில்லை.

எட்டு வருடம் கழித்து, பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் ஒரு மதியம் மாட்டிக்கொண்டோம். ஒரு எக்ஸ்பிரஸ் போனது. கேட் திறக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, முன்னால் பார்த்தபடியே நீங்கள் பேசினீர்கள்.

"அன்னிக்கு நான் பாலை வைக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். விமானச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

நான் முன்சீட்டின் சாய்மானத்தைப் பிடித்து முன்னால் நகர்ந்தேன்.

"வெச்சுட்டு உடனே வந்துட்டேன். ஷெட் வாசல்ல நின்னேன். ஊசி தானா போச்சு, தானா வந்துச்சு. ஆள் தெரியல, கை தெரியல. சீட்டு மட்டும் அழுந்தியிருந்துச்சு. நீ மெதுவான்னு சொன்னதும், நூல் தொய்வா நின்னு, அப்புறம் மெல்ல நகர்ந்துச்சு."

"ஏன் அண்ணி என்னைக் கூப்பிடல?"

"கூப்பிட்டா நின்னுடுமே."

அடுத்த ரயில் வரும் சத்தம் தண்டவாளத்தில் கேட்டது. அது கடந்து முடியும்வரை நீங்கள் காத்திருந்தீர்கள்.

"பால் பொங்குற சத்தம் கேட்டுச்சு. பழக்கதோஷம், ஓடிட்டேன். அடுப்பை அணைச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்தப் பாலை விட்டிருக்கணும். பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சிருந்தாலும் விட்டிருக்கணும்."

நான் உங்கள் தோளில் கை வைத்தேன். நீங்கள் அந்தக் கையை எடுத்து விரல்களைப் பார்த்தீர்கள்.

"நீயாவது நூலோட அந்த முனையைப் பிடிச்சிருந்த. நான் பார்த்தேன், அவ்வளவுதான்."

கேட் திறந்தது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. நீங்கள் கிளப்பிக்கொண்டு போனீர்கள். அதன் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி நாம் பேசவில்லை.

என் விரல்களைப் பொறாமையோடு பார்த்தீர்கள் அண்ணி, அந்த ஒரு நொடி. அதற்கு நான் தகுதியானவள் இல்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பது அவர்தான் என்று தெரிந்திருந்தால் முதல் தையலிலேயே ஊசியைப் போட்டுவிட்டு அலறியடித்து ஓடியிருப்பேன். கூடப்பிறந்தவள்தான், ஆனாலும் ஓடியிருப்பேன். நீங்களாக இருந்தால் பொழுது சாயும்வரை தைத்திருப்பீர்கள்.

அந்த இழுப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. முன்பெல்லாம் நினைத்தால் உடம்பு சிலிர்க்கும். இப்போது சில நாள், வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்திருக்கும்போது, ஆள்காட்டி விரலில் நூலைச் சுற்றி, மறுமுனையைத் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருக்கிறேன். உங்கள் இழுப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.