டிராமில் எடுத்த படம்

ஏப்ரல் 12, ஹவுகன்ஸ்டுவா

நாங்கள் ஜப்பான் போனபோது எடுத்த படங்களைப் பார்க்க அக்கா வீட்டுக்கு வந்தார். ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பி இன்றும் ஓடுகிற பழைய டிராமுக்குள், என் மனைவி மலரை நான் எடுத்த படம் வந்தது.

"மலர் ஏன் சிரிக்கேல்லை?" என்று கேட்டார் அக்கா.

அன்று நான் சிரிக்கச் சொன்னபோது மலர் கேட்டாள்: "என்ரை தம்பி செத்த பஸ்ஸை இப்பிடி ஓட விட்டால், அதுக்கையும் சிரிக்கச் சொல்லுவீங்களோ?"

வன்னியில் ஷெல் விழுந்த அந்த பஸ்ஸில் அவளும் இருந்தாள். எனக்குத் தெரியும். டிராம் கண்ட புளுகத்தில், அந்தச் சந்தோசத்தில், மறந்துபோனேன்.

"அவளுக்குத் தலை சுத்தினது" என்றேன் அக்காவிடம்.

தேத்தண்ணியோடு வந்த மலருக்கு அது கேட்டுவிட்டது. "ஓம் மச்சாள், சரியான தலைச்சுத்து" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நித்திரையோ தெரியவில்லை.