முள்மீன் விழுங்கிய பதினொரு நிமிடம்

அக்கா, இந்த முதல் பத்தி மட்டும் உன் தங்கை எழுதுவது. மற்றதெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வது. அவர் சொன்னதையும், சொல்லிவிட்டு அழிக்கச் சொன்னதையும் உள்ளபடியே பதிவேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் வந்தால் அது நான்.

அன்புள்ள பெரியவளுக்கு, இங்கே எங்கள் மூவருக்கும் உடம்பு சொன்னபடி கேட்கிறது, அங்கே உனக்கும் அப்படியே இருக்கும் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். நான் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவேன், பாதியில் எழுந்து போகாமல் கடைசிவரை படி. நீ லீவில் வந்தபோது நம் மூக்குக்கண்ணாடிக் கடைக் கணினியைப் பார்த்துவிட்டு, இது கணினி இல்லப்பா சல்லடை, யாருக்கு என்ன பவர்னு ஊருக்கே தெரிஞ்சுடும் என்று பயமுறுத்தினாய். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, யூனிக்ஸ் வகையில் பாதுகாப்பு ஒன்றையே குறியாகக் கொண்ட அந்த இயங்குதளத்தைப் போட்டுவிட்டுப் போனாய். அதன் சின்னம் முள் சிலிர்த்த மீன் என்பதால் சின்னவள் அதற்கு முள்மீன் என்று பெயர் வைத்துவிட்டாள். ஒரு மாதம் தினசரி வேலைக்கு வைத்துப் பார்க்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன், இன்று இருபத்து மூன்றாம் நாள். காலையில் திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறது, கண் பரிசோதனைக்கு வந்த தையல்காரர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அதையே படிக்க ஆரம்பித்துவிட்டார். பிரிண்டர் மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் இணங்கியது. பிரவுசரோ பதிவிறக்கம் என்ற ஒரே பெட்டியைத் தவிர வேறெதையும் எட்டிப் பார்க்காது, பரீட்சை அறையில் உட்கார்ந்த சின்னவள் மாதிரி. (நான் எட்டிப் பார்ப்பதில்லை என்பது உண்மை.) ஆனால் குறை சொல்ல மாட்டேன், ஒரு தரம்கூட நடுவில் நின்று மானத்தை வாங்கவில்லை. பிடிவாதத்தில் உன்னைப் போல, சொன்ன வேலையை முடிப்பதிலும் உன்னைப் போல.

இனி விஷயம். அங்கேயே நிரந்தர வேலை தருகிறார்கள், இருக்கட்டுமா வரட்டுமா, நீங்க சொல்றதுதான்ப்பா என்று கேட்டாய். இந்த மாதிரிப் பேச்சை போனில் எடுத்தால் எனக்கு இருமல் வந்துவிடும், உனக்கே தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திக்கொண்டு முள்மீன் முன்னால் உட்கார்ந்து பதினொரு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். மறுநாள் உன்னிடமிருந்து ஒரே வரி வந்தது: முழுசாக் கேட்டேன்ப்பா, புரிஞ்சுது, வெள்ளிக்கிழமை அந்த வேலை வேண்டாம்னு சொல்லிடறேன். இருக்கச் சொன்னால் வருகிறேன் என்கிறாளே என்று முதலில் குழம்பினேன். பிறகு, பெண்ணுக்கே அங்கே மனசில்லை போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொண்டேன் என்பது பொய், இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் படவில்லை. உன் அறை ஜன்னல் கீலுக்கு எண்ணெய் போட்டேன். (பாடவும் செய்தார். அதை அழிக்கச் சொல்கிறார்.)

இன்று சாயங்காலம் சின்னவள் பேச்சுப் போட்டிக்காகத் தன் பேச்சைப் பதிவு செய்து பார்த்தாள், சத்தமே இல்லை. நம் வீட்டில் கையேடு படிக்கிற ஒரே ஜீவன் அவள்தானே. படித்துவிட்டு வந்து, கணினிக்குச் சொந்தக்காரர் அனுமதி கொடுக்கிறவரைக்கும் இது மைக்ல எதையும் கேட்காதாம்ப்பா, வெறும் மௌனத்தைத்தான் பதியுமாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என்னுடைய பதினொரு நிமிடத்தை ஓடவிட்டோம், ஒரு தும்மல்கூட இல்லை. உள்ளேயிருந்து வந்த அம்மா, நீங்க பேசினதை யாரும் குறுக்க பேசாம கேட்டது இதான் முதல் தடவை என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்த மௌனத்தைத்தானே நீ அங்கே தனியாக உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருக்கிறாய். அப்பாவுக்கு வாய் திறக்கக்கூட மனசு வரவில்லை என்று நினைத்திருப்பாய்.

(இந்த இடத்தில் அப்பா, இப்படியே விட்டுட்டா என்ன என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. துடைத்து வைத்திருந்த லென்ஸையே மறுபடி துடைத்தார். பிறகு, எழுதும்மா என்றார்.)

பெரியவளே, நான் அங்கேயே இரு என்றுதான் சொன்னேன். மைக்கைத் திறந்தாயிற்று, மறுபடி பேசி அனுப்பலாம் என்கிறாள் இவள், ஆனால் அது ஒரு தரம்தான் வரும். பதினொரு நிமிடத்தில் பாதி, கடை வாசல் குழாய் ஒழுகுவதைப் பற்றி, அது போகட்டும். ஏழு வயதில் உனக்கு முதல் கண்ணாடியை மாட்டிவிட்டேன், அந்தச் சுவத்துல பல்லி இருக்குப்பா, இத்தனை நாளும் இருந்துச்சா என்று கேட்டாய். அன்றிலிருந்து உன் பார்வை எவ்வளவு தூரம் போகிறதென்று பார்ப்பதுதான் என் வேலை. இப்போது தூரமாகப் போய்விட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் என் தொழிலுக்கே அவமானம். வேலையை ஏற்றுக்கொள். வெள்ளி வரை காத்திருக்காதே, காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடு. நான் துள்ளிய இரண்டு நாளைப் பெரிசு பண்ணாதே, எண்ணெய் போட்ட ஜன்னல் நீ லீவில் வரும்போது உதவும்.

எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நன்றாக இரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். திரை முன்னால் உட்காரும்போது இடையிடையே தூரத்தில் எதையாவது பார், கண்ணுக்கு நல்லது. இனி யார் வீட்டிலாவது முள்மீனை விட்டுவிட்டு வந்தால் அதன் காதைத் திறந்துவிட்டு வா. மிச்சமிருக்கும் நாளையும் நான் அதிலேயே ஓட்டுவேன், வாக்கு வாக்குதான்.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா

(அனுப்புவதற்கு முன்னால் ஒரு தரம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். பல்லி வரும் இடத்தில் அப்பா எழுந்து போய், மூடும் நேரம் ஆகாதபோதே, கடை விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்.)