கல்சட்டியும் கழற்றிய குமிழ்களும்

மார்ச் 4
என் மகள் கேஸ் அடுப்பின் குமிழ்கள் இரண்டையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். நேற்றுக் கல்சட்டியில் பருப்பு அடிப்பிடித்ததற்கு இந்தத் தண்டனை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த வாடை, பின்னாலேயே அவள். அணைத்தேன் என்று சொன்னேன். "இப்ப வந்து அணைச்சிருப்பீங்கப்பா. வயசானா மறக்கிறதுதான்" என்றாள், குழந்தையைச் சமாதானம் செய்வதுபோல.

அணைத்தேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

மதியம் ரொட்டியும் வாழைப்பழமும்.

மார்ச் 5
சட்டியின் அடியில் கருகல் அப்பிக்கிடக்கிறது. தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வைத்தால் தானாக விட்டுவிடும். தீக்கு எங்கே போவது? அரிசி களைந்த தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 6
மருமகன் சோப்பும் கம்பி நாருமாக வந்தார். கல் சோப்பைக் குடிக்கும், அப்புறம் ஆக்குவதெல்லாம் சோப்பு வாடை அடிக்கும் என்றேன். "எதுக்கு மாமா இந்தப் பாடு? புதுசா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார். தங்கமான பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 8
மரக்கரண்டியால் சுரண்டி, கல்லுப்புப் போட்டுத் தேய்த்தேன். ஓரமெல்லாம் விட்டுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் அசையவில்லை. யாருடைய பிடிவாதமோ.

மார்ச் 9
அவள் பேசவில்லை. நானும்.

மார்ச் 11
சட்டி சுத்தம். வெயிலில் கவிழ்த்து வைத்தேன். ஒருவராவது கவனிக்க வேண்டுமே.

மார்ச் 13, ஞாயிறு
குக்கரின் ரப்பர் பிய்ந்துவிட்டது. மகள் கல்சட்டியை எடுத்தாள். பருப்பு கெட்டியானதும் அணைத்தாள். போன் வரவே பால்கனிக்குப் போய்விட்டாள். கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தீயே இல்லை, சட்டி தன்பாட்டுக்குக் கொதிக்கிறது. கல் வாங்கிய சூட்டை லேசில் விடுமா? அன்றைக்கு நடந்ததும் இதுதான்.

எழுந்து போய் இறக்கி வைத்திருக்கலாம். எழவில்லை.

வாடை வந்ததும் ஓடி வந்தாள். குமிழைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் தொட்டாள்.

"அப்பா, நான் அணைச்சேன்தானே?"

"என்னைக் கேட்டா எப்படிம்மா? நான்தான் மறதிக்காரனாச்சே."

அவள் சட்டியைப் பார்த்தபடியே நின்றாள். நினைத்த அளவுக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மார்ச் 14
அவள் வேலைக்குப் போய்விட்டாள். குமிழ்கள் அடுப்பிலேயே இருக்கின்றன.

இனி நடக்க வேண்டியவை:

மகள் — வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லமாட்டாள். என் மகள்தானே.

மருமகன் — குக்கருக்கு ரப்பர் வாங்க வேண்டும். சோப்போடு சட்டிப் பக்கம் வரக் கூடாது.

கல்சட்டியில் சமைக்கிறவர் யாரானாலும் — பருப்பு தளர இருக்கும்போதே அணைத்து, அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். யாரானாலும் என்றால் நானும்தான்.

நான் — தண்ணீர் ஊற்றிச் சட்டியைச் சிறு தீயில் வைக்க வேண்டும். அவள் வீடு திரும்புவதற்குள் கருகல் விட்டிருக்க வேண்டும்.