இரண்டு கைப் பின்னல்

திருவொற்றியூர்

மாமா,

கப்பல் வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மார்பை எடுத்த இடது பக்கத்துக் கையால் கனம் தூக்கக் கூடாதாம், அவ்வளவுதான். அத்தையின் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டேன். வலது கையாலேயே அவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடிகிறது.

நம் குழலிக்குப் பின்னல் போடத்தான் திண்டாட்டமாக இருந்தது. வாதம் அத்தைக்கு விட்டுவைத்தது இடது கையைத்தானே. நேற்றுக் காலை அவரே கூப்பிட்டார்.

"இன்னாமே, ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கை கீதே, பத்தாதா?"

சேர்ந்தே பின்னினோம். கோணலாகத்தான் வந்தது. குழலி அதை அவிழ்க்காமல் பள்ளிக்கூடம் போனாள்.

என் தலையில் வாருவதற்கு முடியில்லை. அந்த வேலை மிச்சம்.

தண்ணீர் லாரி வரும்போது மட்டும், குடம் தூக்க வீட்டில் ஒரு கை குறைகிறது.

உங்கள் வீட்டுக்காரி