மரம் வைத்திருந்த கை

என் செல்ல மகனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது.

எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நானும் உங்கப்பாவும் நலம்தான். ஆனால் வாசல் மரம் போய்விட்டதப்பா. முந்தாநாள் வெட்டிவிட்டார்கள். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவேன். உங்கப்பா வேறு பேப்பர் படிக்கிற மாதிரி பாவலா காட்டிக்கொண்டு, காதை இங்கேயே வைத்திருப்பார். அதனால்தான் கடிதம்.

மரம் ஆபத்தாக நிற்கிறது என்று நீ நகராட்சிக்குப் புகார் கொடுத்ததிலிருந்து அந்த மனுஷன் உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். “பெத்த புள்ளையே என் மேல புகார் குடுத்துட்டான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பல். மரத்தின் மேல்தானே கொடுத்தான், உங்கள் மேலா கொடுத்தான் என்று கேட்டால், எல்லாம் ஒன்றுதான் என்பார். நீயும் லேசுப்பட்டவனா? அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவள் நான்.

நீ போன பிறகு மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் வந்தது. போன மழையில் ஒரு கிளை முறிந்து விழுந்து பஸ் நிறுத்தத்தின் கூரையை நசுக்கிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்போதுதான் பஸ் ஏறிப் போயிருந்தார்கள். அதன் பிறகுதான் மரங்களைப் பார்க்கிற அதிகாரி ஒருத்தி வந்தாள். சின்ன வயசு, நல்ல பொறுமைசாலி. தெருப்பக்கமாக நின்று மரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டாள். மெல்லிய துளைப்பானை விட்டுப் பார்த்தாள். உள்ளே முழுக்க உளுத்துவிட்டது, சுற்றிலும் நாலு விரல் கனத்துக்குத்தான் நல்ல கட்டை இருக்கிறது, இனிமேல் நிற்க விட்டால் யார் தலையிலாவது விழும் என்றாள்.

எனக்கு மலைப்புத் தாங்கவில்லை. நாலு விரல் கட்டையை வைத்துக்கொண்டா இத்தனை இலையைச் சுமந்தது? இந்த வருஷம் பார்த்து எப்போதும் இல்லாத அளவுக்குத் துளிர்த்திருந்ததடா. நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

வெட்டுகிற அன்றைக்கு உங்கப்பா முன்னறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். உடம்பு சரியில்லையாம். வந்தவர்கள், இந்த மரத்தில் ஆள் ஏறக்கூடாது என்று கிரேன் கொண்டுவந்திருந்தார்கள். அதன் கூடையில் நின்றபடி ஒருவன் உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் மேலேயிருந்து “கீழே?” என்று குரல் கொடுப்பான். கீழே நிற்கிறவன் சுற்றிப் பார்த்துவிட்டு “காலி!” என்பான். அந்தப் பதில் வராமல் ரம்பம் ஓடாது. எதிர்க்கடை தையல்காரர்கூட அந்தக் குரல் கேட்டதும் மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கிளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறங்க இறங்க, நம் வீட்டுக்குள் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷமாகப் பார்க்காத வானத்தை அடுப்படியிலிருந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

கடைசியில் அடிமரம் மட்டும் நின்றது. கீழே வந்து நம் வீட்டுப் பக்கமாக ரம்பத்தை வைக்கப் போனான் அவன். மேலிருந்து கேட்ட குரல் இப்போது முன்னறை ஜன்னலுக்குக் கிட்டத்தில் கேட்டது. மற்றவன் சுற்றிப் பார்த்து “காலி!” என்றதும், உள்ளே படுத்திருந்த மனுஷன் செருப்புகூடப் போடாமல் பாய்ந்து ஓடினார். “காலி இல்லப்பா! நிறுத்து! உள்ள சிமெண்ட் இருக்கு!” என்று கத்தினார். ரம்பம் அதில் பட்டிருந்தால் எகிறி அவன் முகத்தையே கிழித்திருக்கும்.

உனக்கு நாலு வயதிருக்கும்போது, நம் வாசலில் மணல் இறக்க வந்த லாரி உரசி அந்தப் பக்கத்துக் கிளை பிய்ந்து, மரத்தில் பெரிய பொந்து விழுந்தது. உங்கப்பா கொத்தனார் இல்லையா? சுவரில் ஓட்டை என்றாலும் பூசு, மரத்தில் ஓட்டை என்றாலும் பூசு, அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். செங்கல் துண்டு போட்டு, சிமெண்ட் கொட்டி, மேலே வழவழவென்று பூசினார். நாளடைவில் மரமும் அதன் மேல் வளர்ந்து மூடிவிட்டது. எனக்கே மறந்து போயிருந்தது.

“நான் வெச்சது, நானே எடுக்கறேன்” என்று சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்துவிட்டார். மூடியிருந்த கட்டை, பட்டையோடு சேர்ந்து ஒரு பலகை அளவுக்குப் பெயர்ந்து வந்தது. உள்ளே சிமெண்டில் ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. பூச்சு ஈரமாக இருந்தபோது உன் கையைப் பிடித்து அவர்தான் அழுத்தி வைத்தாராம். என்னிடம்கூடச் சொன்னதில்லை. அதோடு விட்டதா? பெயர்ந்த பலகையைத் திருப்பினால், ஐயோ, என்னவென்று சொல்வேன்! அந்தப் பள்ளத்துக்குள் மரம் வளர்ந்து, உன் கை அப்படியே கட்டையில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. நாலு வயதுக் கை. உன் கோணல் சுண்டுவிரல்கூட அப்படியே இருக்கிறது. செத்துக்கொண்டிருந்த மரம் இத்தனை வருஷமாக உன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறதடா. வெட்ட வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான்.

அன்றைக்கு மேற்பார்வை பார்க்க வந்திருந்த அந்த அதிகாரியிடம் உங்கப்பா, நான் பூசினதால்தான் மரம் செத்ததா என்று கேட்டார். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். லாரி உரசிய காயத்திலேயே நோய் புகுந்திருக்கும், ஆனால் மூடிவிட்டதால் உள்ளே நடந்தது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது, ஈரமும் உள்ளேயே தங்கிவிட்டது என்றாள். “மூடிட்டா சரியாப் போயிடும்னு நெனச்சேம்மா” என்றார் அவர். பிறகு, “என் பையன் அப்பவே சொன்னான்” என்றார். ஆமாம், என் காதால் கேட்டேன். தெருவே கேட்டது.

அந்தக் கை இப்போது அவர் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. துடைத்துத் துடைத்து எண்ணெய் போடுகிறார். எனக்கே தொடக் கொடுப்பதில்லை, பார்த்துக்கொள்! நேற்றுச் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, “அவன் கை இப்ப எவ்வளவு பெருசா இருக்கும்?” என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், நீங்களே கேளுங்கள் என்றேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார். கேட்கத் தெரியாது அவருக்கு, உனக்குத்தான் தெரியுமே.

ஒரு தாளில் உன் கையை வைத்துக் கோடு போட்டு அனுப்பச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். வேண்டாம் கண்ணு. தாள் வேண்டாம். கையையே கொண்டு வா.

வெளிச்சமான வீட்டில், கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா