ஐந்து மணி பஸ்ஸும் கடைசி ரீலும்

திருவண்ணாமலை
9-8-1983

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு ஆதிலட்சுமி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி பஸ்ஸில் உங்களுக்கு உட்கார இடம் கிடைத்ததா? இங்கே நானும் பேத்தியும் சௌக்கியம். உங்கள் மாப்பிள்ளை ராஜேந்திரன் வேலூரிலிருந்து வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனான். நீங்கள் கொண்டுவந்த மல்லாட்டைக் கடலையில் பாதியைக் கஸ்தூரி அவிக்கும் முன்னாலேயே தின்றுவிட்டாள். மாதப் பரீட்சையில் அவள் கிளாசிலேயே இரண்டாவது. முதலாவது வந்தது வாத்தியார் பிள்ளை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தேரடி வீதியில் ஒட்டியிருக்கும் சினிமா போஸ்டர் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே நடக்கிறாள். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை. நான் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்த படிப்பு வீண் போகவில்லை.

படத்து விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுந்து போனது, பங்களாவில் அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிற இடத்தில். அதற்குப் பிறகு நடந்தது இது. பெட்டிக்குள் வெள்ளைப் புடவையும் சவுரி முடியும் இருந்தது. பேயாக நடந்தது அந்தத் தம்பிக்காரன்தான், சொத்துக்காக. போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான் கதை.

பேய்க்குக் கால் தெரியக் கூடாது என்று நீங்கள் தியேட்டரிலேயே சண்டை போட்டீர்கள். கொலுசுச் சத்தம் வரலாம், கால் மட்டும் இருக்கக் கூடாதா? கொலுசை எதில் மாட்டுவதாம்? ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். கலர் வந்த பிறகு பேய் கெட்டுப்போய்விட்டது. நீல விளக்கைப் போட்டு நிற்க வைத்தால் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி இருக்கிறது. பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் தங்கம்மாள், பேய் ஒரு பாட்டாவது பாடாவிட்டால் போட்ட காசுக்கு ஆகாது என்கிறாள். அவள் காசு போட்டா பார்க்கிறாள்?

ஆறு வருஷமாக மாதம் ஒரு ஞாயிறு வருகிறீர்கள், பேத்தியைப் பார்க்கிறீர்கள், என்னோடு மேட்னி பார்க்கிறீர்கள், கடைசி ரீலுக்கு முன்னால் பஸ்ஸுக்கு ஓடுகிறீர்கள். ஒரு நாள் தங்கிப் போங்கள் என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை. உங்கள் மகள் வாழ்ந்த வீடுதானே இது.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஆதிலட்சுமி

*

கீழ்பென்னாத்தூர் வழி
20-8-1983

சம்பந்தி அம்மாவுக்கு ரேணுகாம்பாள் எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். பேத்திக்கு என் முத்தம்.

உட்கார இடம் கிடைக்கவில்லை. பாதி வழி நின்றேன். தங்குவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. வேறு ஒன்றும் இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

படத்தின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எல்லாம் ஆள் வேலை என்று முடித்துவிட்டால் இரண்டரை மணி நேரம் நான் எதற்குப் பயந்தேன்? எனக்கு நிஜப் பேய்தான் வேண்டும். செத்துப்போனவர்களுக்கு வந்து சொல்ல ஒன்றுமே இருக்காதா? கால் இல்லாமல் வரட்டும், பாட்டு இல்லாமல் வரட்டும். வந்தால் போதும்.

சந்திரகலா கடைசியில் உங்கள் கையால் இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லுங்க அத்தை, எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று சொன்னாள் என்றீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாள் போகிறது. அவள் திதிக்கு இரண்டு வாய் தண்ணீர் தனியாக ஊற்றி வைக்கிறேன். ஆனாலும் ஒரு தடவை என்னிடமே வந்து சொல்லியிருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். படம் ஓடும்போது நீங்கள் நடுவில் பார்ப்பதைவிட திரையின் இடது ஓரத்தைத்தான் அதிகம் பார்க்கிறீர்கள். பயமா?

உங்கள்,
ரேணுகாம்பாள்

*

திருவண்ணாமலை
6-9-1983

அன்பு மிகுந்த சம்பந்தி அம்மாவுக்கு.

பயமா, எனக்கா? இந்த ஊரில் வந்த பேய்ப் படம் ஒன்றுவிடாமல் பார்த்தவள் நான். இடது கண்ணில் புரை விழுகிறது, அதனால் தலை அந்தப் பக்கம் திரும்பும். வேறொன்றும் இல்லை.

நிஜப் பேய்தான் வேண்டும் என்றீர்கள், இந்த மாதம் கிடைத்தது பார்த்தீர்களா? எனக்கும் பிடித்தது. அந்த மருமகள் செத்த பிறகு ஒவ்வொரு அறையாக வந்து தொட்டிலைத் தேடுகிறாளே, பின்னால் வாத்தியமே இல்லாமல் விட்டானே, அங்கே பக்கத்துப் பெஞ்சில் ஒரு பொம்பளை முறுக்குக் கடிப்பதை நிறுத்திவிட்டாள். காமெடிக்காரன் வேட்டி அவிழ ஓடுவதை மட்டும் வெட்டி எறிந்திருந்தால் இந்த வருஷத்துப் படத்திலேயே இதுதான் படம்.

அவள் மாமியார் அறை வாசலில் வந்து நிற்கும்போது நீங்கள் எழுந்தீர்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். மாமியார் பயப்படவில்லை. மருமகள் உள்ளே வந்தாள், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மாமியார் மடியில் வைத்தாள். காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "இனிமே நீங்கதான் இவளுக்கு அம்மா" என்றாள். அப்படியே ஒரு விளக்குச் சுடராக ஆகி சாமி படத்துக்குள் போய்விட்டாள். தியேட்டரில் மூக்குச் சிந்தாத பெண்பிள்ளை இல்லை.

இதை எழுதும்போது கஸ்தூரி என் தோளில் சாய்ந்துகொண்டு, யாருக்கு எழுதுறே என்கிறாள். உன் அம்மாவைப் பெத்தவங்களுக்கு என்றேன். அவளும் கீழே கையெழுத்துப் போடுவேன் என்று அடம்.

அன்புடன்,
ஆதிலட்சுமி
க ஸ் தூ ரி

*

கீழ்பென்னாத்தூர் வழி
11-9-1984

சம்பந்தி அம்மாவுக்கு ரேணுகாம்பாள் எழுதுவது.

போன வருஷம் நாம் பார்த்த அந்த மருமகள் படம் இப்போதுதான் எங்கள் பக்கம் டென்ட் கொட்டகைக்கு வந்தது. முடிவு எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் குழந்தையை மடியில் வைப்பதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மண் தரையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தேன்.

நீங்கள் எழுதியபடி ஒன்றும் நடக்கவில்லை.

அவள் அறைக்குள் வருகிறாள். மாமியாரைப் பார்த்து, "நான் கூப்பிட்டப்போ நீங்க எங்கே இருந்தீங்க?" என்று கேட்கிறாள். மறுபடி கேட்கிறாள். மூன்றாவது தடவை கேட்டதும் மாமியாருக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. காலியான தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படம் முடிந்துவிட்டது. மடி இல்லை, சுடர் இல்லை, சாமி படம் இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. நான் போன பிறகு தூங்கிப்போய்விட்டீர்கள், இட்டுக்கட்டி எழுதிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பழைய கடிதங்களை எடுத்தேன். ஏழு படத்தின் முடிவு எழுதியிருக்கிறீர்கள். ஏழும் அழகாக இருக்கிறது. படத்தில் வரும் வசனம்போல இருக்கிறது.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. என் மகள் சொன்னதாக நீங்கள் சொன்னீர்களே, அதுவும் அப்படித்தான் இருக்கிறது.

அவள் அதைச் சொன்னாளா? நீங்கள் அங்கே இருந்தீர்களா? எனக்கு எழுதுங்கள். அதுவரை நான் வரவில்லை.

ரேணுகாம்பாள்

*

திருவண்ணாமலை
30-10-1984

சம்பந்தி அம்மாவுக்கு.

இரண்டு ஞாயிறு நீங்கள் வரவில்லை. கஸ்தூரி பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். இந்தத் தாளை நான்கு தடவை எடுத்து வைத்தேன்.

நான் அங்கே இல்லை.

தலைப் பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு அனுப்பாமல், டவுனில்தான் டாக்டர் இருக்கிறார், பட்டிக்காட்டில் என்ன இருக்கிறது என்று நிறுத்திவைத்தவள் நான்தான். அது உங்களுக்குத் தெரியும். குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்றைக்குக் காலையில் கம்மியாகிவிட்டது, ரசம் சாதம் சாப்பிட்டாள். நீங்கள் மறுநாள் வருவதாக இருந்தது. தியேட்டரில் ஒரு பேய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. போஸ்டரில் 'இன்றே இப்படம் கடைசி' என்று துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டான். வேலை செய்ய வரும் பச்சையம்மாளைக் கூட வைத்துவிட்டு மேட்னிக்குப் போனேன். "போயிட்டு வாங்க அத்தை, வந்து கதை சொல்லுங்க" என்று அவளே சொன்னாள். இது நிஜம். இதை மட்டும் நம்புங்கள்.

கடைசி ரீல் ஆரம்பித்த நேரம். தியேட்டரில் யாரையாவது அவசரமாகத் தேடி வந்தால், கண்ணாடித் துண்டில் கரி பூசி, பெயரைக் கீறி, ஓடும் படத்தின் மேலேயே ஓரமாகக் காட்டுவார்களே. இடது ஓரத்தில் எழுத்து வந்தது. 'ஆதிலட்சுமி அம்மாள் உடனே வீட்டுக்கு வரவும்.' பச்சையம்மாள் புருஷன் சுப்பிரமணி ஓடிவந்து சொல்லி எழுத வைத்திருக்கிறான்.

நான் படித்தேன். எழுத்துக்கூட்டாமல் ஒரே பார்வையில் படித்தேன். குழந்தை பாலுக்கு அழுகிறது போலிருக்கிறது, பச்சையம்மாளுக்குக் கை ஓடவில்லை என்று நினைத்தேன். ஒரு ரீல்தானே, பத்து நிமிஷம், பார்த்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். எழுத்து இன்னொரு தடவை வந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

நான் போனபோது ஜன்னி கண்டு எல்லாம் முடிந்திருந்தது. "அத்தை வந்துட்டாங்களா" என்று இரண்டு தடவை கேட்டாளாம். வேறே ஒன்றும் சொல்லவில்லையாம். மறுநாள் நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

கண்ணில் புரை இல்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் கடைசி ரீலை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுந்து போனதும் இடது ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை பெயர் வந்தால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று காலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்காகத்தான் பேய்ப் படமாகத் தேடிப் போகிறேன். பேத்தி பெருமையும் படிப்புப் பெருமையும் பேசிக்கொண்டு திரிகிறவளுக்கு உள்ளே இதுதான் இருந்தது. பார்க்காத முடிவை எப்படி எழுதுவேன்? உங்களுக்கு எது ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியதோ அதை எழுதினேன்.

உங்கள் மகன் மாதிரி இருக்கும் ராஜேந்திரனுக்கும் இது தெரியாது. கடைக்குப் போனேன் என்றுதான் அவனிடம் சொன்னேன். நீங்கள் சொல்லலாம்.

ஆதிலட்சுமி

*

கீழ்பென்னாத்தூர் வழி
19-11-1984

சம்பந்தி அம்மாவுக்கு.

கடிதம் வந்தது. பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. ராஜேந்திரனிடம் சொல்வது உங்கள் வேலை, என் வேலை இல்லை.

இரண்டு தடவை கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் யார் கொடுத்தது என்று எழுதவில்லை.

தீபத்துக்கு வரும் கூட்டம் குறைந்த பிறகு, அடுத்த மாதம் வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன். கஸ்தூரியைப் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்து வாருங்கள். அவளுக்கு நான் வேண்டும், எனக்கும் அவள் வேண்டும். புதுப் பேய்ப் படம் ஒன்று போட்டிருப்பதாக இங்கே சொன்னார்கள். போவோம். பக்கத்தில்தான் உட்காருவேன்.

எப்போதும்போல நான் எழுந்து பஸ்ஸுக்குப் போவேன். நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. ஓரத்தையும் பார்க்கக் கூடாது. நடுவில் பாருங்கள். முடிவு எப்படி இருந்தாலும் கடைசி வரை பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதுங்கள். எனக்கு ஆறுதலாக ஒன்றும் எழுத வேண்டாம்.

ரேணுகாம்பாள்

*

திருவண்ணாமலை
24-12-1984

சம்பந்தி அம்மாவுக்கு ஆதிலட்சுமி எழுதுவது.

நேற்று நீங்கள் எழுந்து போனது, அந்தக் கிழவி விளக்கை ஏற்றி வாசலில் வைக்கிற இடத்தில். நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

பேயாக வரும் அந்தப் பெண் விளக்குக்குப் பக்கத்தில் வந்தாள். கால் தெரிந்தது. கொலுசு இல்லை. கிழவி, "உள்ளே வா" என்றாள். அவள் வரவில்லை. திட்டவும் இல்லை, அழவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் தீர்ந்து விளக்கு தானாக அணைந்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது அவள் இல்லை. கிழவி கதவைச் சாத்தாமல் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். 'சுபம்' என்று போடவில்லை. 'வணக்கம்' என்று போட்டான். தங்கம்மாள் இது என்ன முடிவு என்று திட்டினாள். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் படம் நன்றாக எடுத்திருக்கிறான்.

ஒரு தடவை ஓரத்தைப் பார்த்துவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். அங்கே ஒன்றும் வரவில்லை.

தண்ணீர் கொடுத்தது பச்சையம்மாள். இன்று காலையில் அவளைக் கேட்டேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. ஒரு வாய் குடித்தாளாம். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லையாம். திதிக்கு நீங்கள் இரண்டு வாய் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.

ராஜேந்திரன் சனிக்கிழமை வருகிறான். சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி முதல் ஞாயிறு உங்கள் ஊர் பஸ் வருகிற நேரத்துக்கு நானும் கஸ்தூரியும் பஸ் ஸ்டாண்டில் நிற்போம். நீங்கள் வராவிட்டாலும் பஸ் திரும்பிப் போகும் வரை நிற்போம்.

ஆதிலட்சுமி
கஸ்தூரி