உன் ஐந்து கம்பி கிட்டாரும் என் வயிற்றெரிச்சலும்

தம்பி,

போன வாரம் கூரியர்காரர் கடை வாசலில் ஆள் உயரப் பெட்டி ஒன்றை இறக்கிவைத்துவிட்டுப் போனார். அட்டையைக் கிழித்துத் தெர்மோகோலை உருவியதும் அந்த வாசனை வந்தது. மலிவு வார்னிஷும் புது ரப்பரும் கலந்த வாசனை. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை இது, வார்னிஷ் வாசனைக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனாலும் இது வேறு. நீ முதன்முதலாக உன் கிட்டாரை இதே கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு அடித்த வாசனை. கடையைத் திறந்து போட்டுவிட்டு அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம், நானும் பாட்டுக்கு அடிச்சுரம் கொடுக்கிற ஐந்து கம்பி பேஸ் கிட்டார் வாங்கிவிட்டேன். உன்னுடையது மாதிரியே, அதே கம்பெனி, அதே மலிவு. சிரிக்காதே. நீ சிரிப்பாய் என்று தெரியும். "இது விறகுடா, இத எடுத்துக்கிட்டு மேடை ஏறுனா மானம் போயிரும்" என்று உன்னிடம் சொன்ன வாய்தான் இது. நேற்று அதோடு மேடையும் ஏறியாகிவிட்டது. அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நீ கோடையில் போனாய். அதற்குப் பிறகு குறுவை அறுத்து, சம்பாவும் நட்டாகிவிட்டது. இத்தனை நாள் உன்னோடு பேச எனக்கு மனசு வரவில்லை, அதுதான் நிஜம்.

நீ வருவதற்கு முன்னால் நம் குழுவில் பேஸ் என்றால் நான் ஒருவன்தான். நீடாமங்கலம் சுற்று வட்டாரத்தில் எந்தத் திருவிழா, எந்தக் கல்யாண வரவேற்பு என்றாலும் மேடையின் இடது மூலை என்னுடையது. சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த நாலு கம்பி கிட்டார். பெட்டியைத் திறந்தாலே மற்றக் குழுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்கட்டும் என்றே நான் மெதுவாகத் திறப்பேன். நீயோ அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். சீசனில் வயல், மற்ற நாளில் உங்கள் ஊர்ச் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவன். கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்துகிற குணா அண்ணன்தான் உன்னைக் கூட்டிவந்தார். நான் வர முடியாத நாளுக்கு ஒரு மாற்று ஆள் வேண்டுமாம்.

"அண்ணே, நீங்க வாசிக்கிறதப் பாக்கத்தான் வந்தேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நடிக்கிறான் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நீ நடிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் எரிச்சலாக இருந்தது.

எல்லாம் செல்வி அக்காவின் தைராய்டு ஆபரேஷனிலிருந்து ஆரம்பித்தது. குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த குரல் அது. ஆபரேஷனுக்குப் பிறகு பழைய உயரத்துக்கு ஏறவில்லை. எஃப் ஸ்கேலில் பாடிக்கொண்டிருந்த அம்மன் பாட்டை டி ஸ்கேலுக்கு இறக்கச் சொன்னார். கீபோர்டுக்கு என்ன, ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. என் நாலு கம்பியில் ஆக அடியில் இருப்பது ஈ என்கிற சுரம். அதற்குக் கீழே டி கிடையாது. மேலே இருக்கிற டி-யைத்தான் வாசிக்க வேண்டும். வாசித்தால் பாட்டுக்கு அடித்தளமே இல்லாமல் வெலவெலவென்று இருக்கும். குணா அண்ணன் முகத்தைச் சுளிப்பார்.

சரி, ஈ கம்பியைத் தளர்த்தி டி-க்கு இறக்கிக்கொள்வோம் என்று ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ மேடைக்குக் கீழேதான் நின்றிருந்தாய். மாரியம்மன் கோயில் திருவிழா. முதல் பாட்டு அக்காவுடையது, அருமையாகப் போயிற்று. கைதட்டல் சந்தோஷத்தில் கம்பியை மறுபடி ஏற்ற மறந்துவிட்டேன். அடுத்தது குத்துப்பாட்டு. நான் அடித்த முதல் அடியிலேயே டிரம்மர் திரும்பிப் பார்த்தார், குணா அண்ணன் திரும்பிப் பார்த்தார், முன்வரிசையில் சாமி கும்பிட வந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கம்பியில் எந்தக் கட்டையைப் பிடித்தாலும் அபஸ்வரம். எங்கே தப்பு என்று புரியாமல் நான் இன்னும் பலமாக வேறு அடித்தேன்! பல்லவி முடிகிற வரைக்கும் ஊரே காதைப் பொத்திக்கொள்ளாத குறை. நீ கீழே இருந்து கம்பியைத் திருகுவதுபோல் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாய். நீ என்னைக் கேலி செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன்.

அதற்கடுத்த அறுவடை முடிந்ததும் அந்த ஐந்து கம்பி கிட்டாரோடு என் கடைக்கு வந்து நின்றாய். ஐந்தாவது கம்பி பி வரைக்கும் இறங்கும், அக்காவின் டி அதில் மூன்றாவது கட்டையில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். என் கிட்டாரின் பெட்டி விலைகூடப் பெறாத சாமான் அது. ஆனால் என்னிடம் இல்லாத சுரம் அதில் இருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு வயிறு எரிந்தது தம்பி. மறைக்க என்ன இருக்கிறது?

குறைகளும் இருந்தன. கூடவே வந்த ஐந்தாவது கம்பி கொடிக்கயிறு மாதிரி தொளதொளத்தது. சுருதி நிற்கவில்லை. ஜெனரேட்டர் கரண்டில் போட்டால் 'உம்' என்று ஒரே இரைச்சல்.

"மேடைக்கு ஆவுமாண்ணே?" என்று கேட்டாய்.

"ஆவாது. சர்ச்சுக்கு வேணா வச்சுக்க."

"கம்பி வேற நல்லதா மாத்திட்டேன்னா? மேடைக்கு வர்ற ஜனம் கிட்டாரோட பேரப் படிக்கவா வருது?" என்று சிரித்துவிட்டு, "எர்த் மட்டும் நீங்க கொஞ்சம் பாத்துக் குடுங்கண்ணே. கரண்டு வேலையில ஒங்கள விட்டா யாரு இருக்கா?" என்றாய்.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜுக்குப் போகிற எர்த் வயர் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் மூடிக் கொடுத்திருக்கலாம். ஆனால் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய இந்தக் கைக்கு வராது, என்ன செய்ய! புது வயர் போட்டு, பற்றவைத்து, உள்பக்கம் முழுக்கத் தாமிரத் தகடு ஒட்டிக் கொடுத்தேன். இரைச்சல் செத்தது. நீ ஸ்பீக்கரில் போட்டுக் கீழ் டி-யை ஒருமுறை அடித்தாய். அலமாரியில் இருந்த பேரிங் டப்பாக்கள் அதிர்ந்தன. உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திருவிடைமருதூர்ப் பக்கம் அடுத்த கச்சேரி. பக்திப் பாட்டுக்கு மட்டும் நீ வாசி என்றார் குணா அண்ணன். முதல் அடி விழுந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாசம் திரும்புவதற்குள் மூலை உன்னுடையதாகிவிட்டது. எனக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து தாளத்துக்கு மீட்டுகிற ரிதம் கிட்டார். "ஒங்களுக்குத்தான் கிட்டாரு கார்டு எல்லாம் அத்துப்படியாச்சே" என்று குணா அண்ணன் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். என் இடத்தை எடுத்துக்கொண்டது நான் பற்றவைத்துக் கொடுத்த கிட்டார். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

இடம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்று உண்டு, அதை உன்னிடம் சொன்னதே இல்லை. அந்த அம்மன் பாட்டில் சரணம் முடிகிற இடத்தில் செல்வி அக்கா திரும்பி உன்னைப் பார்ப்பார். மைக்கைக் கொஞ்சம் விலக்கி, ஒரு சின்னச் சிரிப்பு. ஒவ்வொரு கச்சேரியிலும், அதே இடத்தில். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, பேரன் எடுத்தவர் அவர், எனக்கே அக்கா. ஆனால் பாடுகிறவர் அப்படித் திரும்பிப் பார்ப்பதைவிட வாசிக்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? நான் அவர் பாட்டுக்கு எத்தனையோ வருஷம் வாசித்தவன். ஒருநாள்கூட எனக்கு அந்தப் பார்வை கிடைத்ததில்லை. எல்லாம் அந்த ஐந்தாவது கம்பி பண்ணுகிற வேலை என்று பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன்.

நீங்களும் ஐந்து கம்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று என் மனைவி கேட்டாள். உன்னைப் பார்த்து நான் வாங்கினேன் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்? அந்த வறட்டுக் கௌரவத்திலேயே காலம் ஓடிவிட்டது. உன் கிட்டார் மழைக்கும் மார்கழிப் பனிக்கும் கழுத்து வளைவதும், நீ அதை நிமிர்த்துவதுமாக எல்லா மேடையிலும் நின்றது. இன்றைக்குக் காலை வாரும், நாளைக்குக் காலை வாரும் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் காலை வாரியது உன் நெஞ்சுதான். வண்டிக்கு டீசல் போட நின்ற இடத்தில் சாய்ந்துவிட்டாய் என்று குணா அண்ணன் போன் செய்தார். உங்கள் தெருவில் பந்தல் போட்டு உன்னைக் கிடத்தியிருந்தார்கள். செல்வி அக்கா உன் கால்மாட்டில் விழுந்து அழுத அழுகை இருக்கிறதே, நாங்கள் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருந்தது. நானும் அழுதேன், பொய் இல்லை. அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு ஓர் எண்ணம் வந்தது. நான் செத்தால் அக்கா இப்படி அழுவாரா? செத்துக் கிடக்கிறவன்மேல் பொறாமைப்பட்ட ஆளை நீ பார்த்திருக்கிறாயா? என்னைப் பார்த்துக்கொள்.

உன் கிட்டாரைக் கேட்கலாம் என்று பத்தாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். நான் வாய் திறப்பதற்குள் உன் மனைவி, "சர்ச்சுக்கே குடுத்துட்டேன்ணே, அங்க ஒரு பொண்ணு வாசிக்குது, நல்லா வாசிக்குதுண்ணே" என்றாள். நல்லதும்மா என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்தேன். இந்த ஐப்பசியில் முகூர்த்தம் வர, குணா அண்ணன், "பழையபடி நீங்களே மூலையில உக்காருங்க. ஆனா அக்கா பாட்டு டி-தான், பாத்துக்குங்க" என்றார். கௌரவத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஆர்டர் செய்தேன். வந்த அன்றே கம்பிகளை மாற்றினேன், எர்த்தைப் பற்றவைத்தேன், தாமிரத் தகடு ஒட்டினேன். உனக்குச் செய்ததையெல்லாம் எனக்கும் செய்துகொண்டேன்.

நேற்று கும்பகோணத்தில் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் சவுண்டு செக் பண்ணும்போதே மைக்செட்காரர், "அடி நல்லா வருதுண்ணே, என்ன கிட்டாரு?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அம்மன் பாட்டு ஆரம்பித்தது. சரணம் முடிகிற இடம் வந்தது. கீழ் டி-யைத் தாளத்தில் வைத்தேன், தாளத்தில் எடுத்தேன். மேடைப் பலகை அதிர்ந்தது. அக்கா திரும்பவில்லை. இரண்டாவது சரணம், அதே இடம், அதே டி. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கூட்டத்தைப் பார்த்தபடியே முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இடைவேளையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் நின்றேன். "கிட்டாரு நல்லா இருக்கு தம்பி. அவன் வச்சிருந்த மாதிரியே இருக்கு" என்றார்.

"அதே மாடல்தான்க்கா. ஏதாவது கொறையா இருந்துச்சா?"

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்ல."

நான் விடவில்லை. "இல்லக்கா, அவன் வாசிக்கிறப்ப அந்த எடத்துல திரும்பிப் பாப்பீங்க. அதான் கேட்டேன்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். "ஒங்கிட்ட சொல்றதுக்கென்ன. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு அந்த எடத்துல மூச்சு பத்தல தம்பி. முடியிறதுக்கு முன்னாடியே சுரத்த வுட்டுருவேன். அவன் அடியில அந்த டி-ய வுடாமப் புடிச்சு நின்னுருவான். நான் வுட்டது கூட்டத்துக்குத் தெரியாது, குணாவுக்கே தெரியாது. நானும் சொல்லல, அவனும் கேட்டதில்ல. அதான் திரும்பிப் பாப்பேன். வேற எப்படி நன்றி சொல்றது?"

ரிதம் கிட்டாரோடு உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். அக்காவின் முகத்தைக் கவனித்த அளவுக்கு அவர் மூச்சைக் கவனித்ததே இல்லை. ஐந்தாவது கம்பி, ஐந்தாவது கம்பி என்று அதையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ கேட்டாயே, மேடைக்கு ஆகுமா என்று. ஆகும் தம்பி, அந்த மலிவுக் கிட்டார் தாராளமாக ஆகும். நேற்று அது ஒரு குறையும் வைக்கவில்லை. இனிமேல் அதன்மேல் பழி போட எனக்கு வழியில்லை.

இடைவேளைக்குப் பிறகு அக்காவுக்கு இன்னொரு பாட்டு, அதுவும் டி. இந்தமுறை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். வரி முடிவதற்கு முன்னால், நூல் அறுவதுபோல் அவர் மூச்சு நின்றது. கேட்டது எனக்கு! அந்த டி-யை விடாமல் பிடிப்பதற்குள் என் கை முந்திக்கொண்டு தாளத்தோடு கம்பியை விட்டுவிட்டது. அக்கா திரும்பவில்லை. திரும்ப என்ன இருக்கிறது?

இன்று காலை மனைவி அடுப்படியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தோசை வார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பாடுகிறவள்தான். ஒரு வரியின் பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மீதியைப் பாடினாள். அடுத்த வரியிலும் அப்படியே. முன்னெல்லாம் இப்படி இல்லையே என்று தோன்றியது. என்னம்மா, மூச்சு வாங்குது என்றேன். "ஆறு மாசமா இருக்கு. இப்பத்தான் கேக்குறீங்க" என்றாள். நாளைக்குத் தஞ்சாவூர் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். நீயாக இருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாய். அடப்பாவி, என்னை உன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாயே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?